மைசூர்பா டப்பாவில் உற்சவர்

ஜூன் 2, திங்கள்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். "கோவம் வந்தா கத்தாதீங்க, ஒரு நோட்டுல எழுதுங்க" என்றார். எழுதினால் அடங்குகிற கோபத்தை அவர் எங்கே பார்த்தாரோ தெரியவில்லை. உரக்கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி பிரிக்காமல் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் தென்னை வளர்ப்புக் குறிப்பு இருக்கிறது. எனக்குத் தென்னை இல்லை. மாமனாருக்கு இருந்தது, மச்சினனுக்குப் போய்விட்டது. அந்தக் கோபத்தை வேறொரு நாள் எழுதலாம்.

இன்றைய கோபம் சம்பத் மேல். எங்கள் மேலாளர். நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலி அது, போகட்டும். பைபர் கேபிள் வழியாக டிவி சேனல்களை அனுப்பும் லேசர் பெட்டிகளைச் செய்கிறோம். லேசர் வெளிச்சம் பார்ப்பதற்கு ஆடாமல் அசையாமல் இருப்பதுபோல் தெரியும். உண்மையில் சதா நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கத்துக்கு எங்கள் தொழிலில் இரைச்சல் என்று பெயர். காதுக்குக் கேட்காது. ஆனால் அளவு மீறினால் ஊரில் சீரியல் ஓடுகிற வீடுகளில் எல்லாம் படம் புள்ளி புள்ளியாகக் கெட்டுப்போகும். அதை அளந்து, தேறியது, தேறவில்லை என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. இந்தத் திருமூர்த்தியின் சோதனை பெஞ்சில் தேறினால்தான் தேறியது என்பார்கள்.

பழைய லேசர் செய்தவன் உற்பத்தியை நிறுத்திவிட்டான். புது வெண்டரைத் தேடிப் பிடித்தது சிவரஞ்சனி. வத்தலகுண்டுப் பெண், ஒப்பந்தத்தில் இருக்கிறாள். இந்த லேசர் தேறினால் மாதக் கடைசியில் வேலையை நிரந்தரம் ஆக்குவதாக சம்பத் சொல்லியிருக்கிறார். நிரந்தரம் ஆகாவிட்டால் ஊருக்குத் திரும்பி, வீட்டில் பார்த்து வைத்திருக்கும் பையனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அவளுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. இதெல்லாம் என் மனைவி தெய்வானை சொல்லித் தெரியும். ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் வெற்றிலை கொண்டுவந்து கொடுத்து அவளைக் கைக்குள் போட்டு வைத்திருக்கிறாள் அந்தப் பெண்.

புது லேசரை எடுப்பதற்கு முன் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

முதல் தொகுதி வந்தது. என் பெஞ்சில் ஒன்றுகூடத் தேறவில்லை. திரையில் இரைச்சல் கோடு எம்பி எம்பி நின்றது. மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது என்று எழுதினால் டாக்டர் சந்தோஷப்படுவார்.

"என் பெஞ்சுல நல்லா வந்துச்சே சார்" என்றாள் ரஞ்சனி.

"உன் பெஞ்சுல எந்தக் கார்டு போட்ட?"

"ட்ரேல இருக்கிறதுதான் சார்."

கார்டு என்றால் பேட்ச் கார்டு, லேசரையும் அளக்கும் கருவியையும் இணைக்கும் பைபர் ஒயர். ட்ரேயில் கிடப்பதை ஊரே தொடும். என்னுடையது அப்படியல்ல. லேப் தொடங்கியபோது கருவிகளைப் பொருத்த வந்த வெளிநாட்டு எஞ்சினியர் என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. மஞ்சள் நிறம், மூன்று மீட்டர் நீளம். மைசூர்பா வாங்கிய தகர டப்பாவில் சுருட்டி வைத்துப் பூட்டுவேன். காலையில் எழுந்தருளி, மாலையில் டப்பாவுக்குத் திரும்புவதால் எவனோ அதற்கு உற்சவர் என்று பெயர் வைத்தான். என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. கார்டைச் செருகும் முன் அதன் முனையை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பதும் நான்தான். உற்சவருக்கு அந்த விதி கிடையாது. அளவுகோலையே யாராவது அளப்பார்களா?

இன்னொன்று. அவள் எடுத்துச் சோதிக்கிற லேசர் ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைக்கிறாள். கலந்து போய்விடக் கூடாதாம். லேபா இது, பியூட்டி பார்லரா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஜூன் 6, வெள்ளி

மழை. கரண்ட் இல்லை. யாராலும் எதையும் அளக்க முடியவில்லை. நல்ல நாள்.

ஜூன் 9, திங்கள்

இரைச்சலைத் துரத்திக்கொண்டு நாள் முழுக்க அலைந்தோம். டியூப் லைட்டுகளை அணைத்தோம். செல்போன்களை எல்லாம் வாட்ச்மேன் அறையில் கொண்டுபோய் வைத்தோம். ஏசியை நிறுத்தி வெந்தோம். எர்த் சரியில்லையோ என்று கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் எர்த் குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ரஞ்சனிதான் இரண்டு கையிலும் வாளி தூக்கிக்கொண்டு போனாள். சுடிதார் முழங்கால்வரை சேறு. திரையில் கோடு ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சார், இந்த மேடு பள்ளம் எல்லாம் சம இடைவெளில வருது. எங்கிருந்தோ வெளிச்சம் திரும்பி வருதோ?"

அது எனக்கும் தெரியும். போனில் பேசும்போது நம் குரலே நமக்குத் திரும்பிக் கேட்டால் பேச்சு தடுமாறும் அல்லவா, லேசருக்கும் அதே கதைதான். தான் அனுப்பிய வெளிச்சம் எங்காவது முட்டித் திரும்பி வந்தால் அது நிலைகொள்ளாமல் நடுங்கும். "திரும்பி வந்தாலும் தாங்கறதுதான் நல்ல லேசர். உன் வெண்டர்கிட்டப் போய்க் கேளு" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டருக்குப் பதிய மறந்தது நான்தானாம். தெய்வானை பக்கத்து வீட்டு அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டு வந்தாள். ஆறிப்போன தோசை.

ஜூன் 11, புதன்

எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்கிறாள். "சார், நம்ம உற்சவரை ஒரு தடவை மைக்ராஸ்கோப்புல பாத்துறலாமா?"

அந்த 'நம்ம' என்ற வார்த்தைதான் எனக்குச் சுருக்கென்றது. "நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து சர்க்யூட் பாக்கறவன் நான். வேலை நிரந்தரமாகட்டும், அப்பறம் வந்து என் டப்பாவைத் திற" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. டீ டம்ளரை வைத்துவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. தூசி விழுந்திருக்கும், அந்தப் பக்கம் வெல்டிங் வேலை நடக்கிறது.

டாக்டர் சொன்னபடி நான் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

ரேஷன் கடைக்குப் போனேன். சட்டைகளைத் தேய்க்கக் கொடுத்தேன். மத்தியானம் சும்மா இருக்க முடியாமல் கரண்ட் பில்லின் முதுகில் ஒரு கணக்குப் போட்டேன். திரையில் தெரியும் மேடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி தெரிந்தால், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் இடம் லேசரிலிருந்து எவ்வளவு தூரம் என்று கண்டுபிடித்துவிடலாம். லேசருக்குள்ளேயே கோளாறு என்றால் ஓர் அங்குலம்கூட வரக் கூடாது.

மூன்று மீட்டர் வந்தது.

தீப்பெட்டி அளவு லேசருக்குள் மூன்று மீட்டர் ஏது? மறுபடி போட்டேன். மறுபடி அதேதான். எங்கோ கூட்டலில் தப்பு. கண்ணாடியை மாற்ற வேண்டும், பவர் ஏறியிருக்கிறது.

"ஏனுங்க, பில்லுல கிறுக்கி வெச்சுட்டீங்க, எப்புடிங்க கட்டறது?" என்றாள் தெய்வானை. கிழித்துப் போட்டேன். பில் இல்லாமலும் கட்டலாம்.

ஜூன் 16, திங்கள்

சம்பத் அறையில் கூட்டம். அவர், நான், ரஞ்சனி.

"திருமூர்த்தி சார், எனக்கு ஒரே ஒரு பதில் போதும். லேசர் தப்பா, மெஷர்மென்ட் தப்பா? கஸ்டமர் மாசக் கடைசில வந்து நிப்பான்."

"லேசர்" என்றேன்.

ரஞ்சனி என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பேசினாள். "சார், அந்த பெஞ்சுல வேற ஒரு கார்டு போட்டு ஒரே ஒரு தடவை அளந்து பாக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை சார். அதுல தப்புன்னு வந்தா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிர்றேன்."

சம்பத் என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா சார்?"

"பாத்தாச்சு" என்றேன்.

பார்க்க வேண்டியதே இல்லை என்று தெரிந்தால் அது பார்த்த மாதிரிதானே.

அவள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்த்திருந்தால் அவளுக்குத் தெரியாமல் பார்த்திருக்க முடியாது, எதிர் பெஞ்சில்தான் இருக்கிறாள். கையிலிருந்த நோட்டை மூடிக்கொண்டாள். தொகுதியை அப்படியே வெண்டருக்குத் திருப்பி அனுப்ப முடிவாயிற்று. ரஞ்சனியின் ஒப்பந்தத்தை நீட்டுவதில்லை என்றும் முடிவாயிற்று. முடிவு செய்தது சம்பத், நான் இல்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. தெய்வானை பேசவில்லை. அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 20, வெள்ளி

ரஞ்சனிக்குக் கடைசி நாள். கேக் வெட்டினார்கள். எனக்குச் சர்க்கரை ஆகாது என்று சொல்லிவிட்டுப் பெஞ்சிலேயே இருந்தேன். இதுவரை எனக்குச் சர்க்கரை இல்லை.

போகும்போது மேஜையில் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்தாள். பிரிக்காத புது பேட்ச் கார்டு. மஞ்சள். மூன்று மீட்டர்.

"ஸ்டோர்ல எழுதி வாங்கினேன் சார். உங்க பேர்லதான் இருக்கு."

"எனக்கெதுக்கு?"

"இருக்கட்டும் சார்."

வருகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் போனாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், அத்தோடு போயிருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு உற்சவரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன்.

முனையின் நட்டநடுவில், வெளிச்சம் வெளியேறுகிற அந்தப் புள்ளியிலேயே, ஒரு கீறல். பக்கத்தில் சின்னதாகப் பள்ளம். இன்று நேற்று விழுந்ததல்ல, ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன. வருஷக்கணக்காக இருந்திருக்கும். பழைய லேசர்களின் வாசலில் கெட்டியான தடுப்பு உண்டு, திரும்பி வரும் வெளிச்சத்தை உள்ளே விடாது. அதனால் இத்தனை நாள் தெரியவில்லை. புதியதில் தடுப்பு கொஞ்சம் இளைத்தது. ஆக, லேசரும்தான் காரணம்.

நான் இல்லாத நேரத்தில் யாரோ தொட்டிருக்க வேண்டும். சாவி என்னிடம்தான் இருக்கிறது. இருந்தாலும்.

ஜூன் 25, புதன்

வெண்டர் 'திருத்தப்பட்ட' இரண்டாவது தொகுதியை அனுப்பியிருந்தான். ரஞ்சனி வைத்துவிட்டுப் போன உறையைப் பிரித்து, புதுக் கார்டின் முனையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் செருகினேன். எல்லாமே தேறின. கோடு திரையின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இப்படி ஓர் அமைதியை அந்தத் திரையில் நான் பார்த்ததே இல்லை.

கடைசி லேசரைக் கழற்றும்போது அதன் லேபிள் ஓரத்தில் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன். அடியில் பழைய லேபிள். அதற்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. மற்றவற்றையும் உரித்துப் பார்த்தேன். எல்லாவற்றின் முதுகிலும் பொட்டு.

அதே லேசர்கள். களவாணி வெண்டர் ஒரு திருகைக்கூடத் தொடாமல் புது லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறான். அவனைச் சம்பத்திடம் மாட்டிவிட எனக்கு ஒரு நிமிஷம் போதும். அப்படியானால் போன முறை ஏன் தேறவில்லை என்று அடுத்த நிமிஷம் கேட்பார்.

ஸ்டோரிலிருந்து தின்னர் வாங்கி வந்து எல்லாப் பொட்டுகளையும் துடைத்தேன். லேபிள்களை நேராக்கி ஒட்டினேன். விரல் இடுக்கில் சிவப்பு போகவில்லை. "கையில என்னங்க, ரத்தமா?" என்று கேட்டாள் தெய்வானை. கூட்டத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பெயிண்ட் என்றேன்.

ஜூன் 26, வியாழன்

சம்பத் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நம்ம திருமூர்த்தி சார் பெஞ்சு கறாரா இருந்ததாலதான் வெண்டர் ஒழுங்கா செஞ்சு அனுப்பிருக்கான்" என்றார். கை தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் எனக்காகத் தட்டியது இதுதான் முதல் தடவை. இதற்காகவா தட்ட வேண்டும்?

பிறகு தனியாகக் கூப்பிட்டார். "அப்ப ரஞ்சனி செலக்ட் பண்ணது தப்பில்லதான சார். இன்னும் அந்த இடத்துக்கு ஆள் போடல. திரும்பக் கூப்பிட்டறலாமா? நீங்க சரின்னா இன்னிக்கே ஆர்டர் அடிச்சர்றேன்."

அவள் வருவாள். வந்ததும் முதல் வேலையாக ஒரு லேசரை எடுத்துத் திருப்பி முதுகைப் பார்ப்பாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

ஜூன் 28, சனி

காலையில் காபியை வைத்துவிட்டுத் தெய்வானை எதிரில் உட்கார்ந்தாள். நாளைக்கு ரஞ்சனிக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டில் வருகிறார்களாம். அவள் நேற்று போனில் அழுதாளாம்.

"உங்க ஆபீசுல அந்த எடம் காலியாத்தான் கெடக்குதாமா. கூட வேலை செய்யற புள்ள சொல்லியிருக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு நடக்கறது நின்னுருமுங்க. சொல்றதுக்கு என்னங்க?"

"தெறமை இருந்தா வேற எடத்துல கெடைக்கும்."

"தெறமை இல்லீங்களா அந்தப் புள்ளைக்கு?"

நான் பேப்பரைப் பிரித்தேன். அவளே ரஞ்சனியின் எண்ணைப் போட்டு என் கையில் போனைத் திணித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். துண்டித்திருக்கலாம். அதற்குள் ரஞ்சனி எடுத்துவிட்டாள். நான்தான் என்றேன்.

"சொல்லுங்க சார்."

சௌக்கியம் விசாரித்தேன். மழை உண்டா என்று கேட்டேன். நாளைக்கு விசேஷமாமே, நல்லபடியாக நடக்கட்டும் என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள். பிறகு அவளாகவே கேட்டாள்.

"செகண்ட் லாட் எல்லாம் பாஸாமே சார்?"

"ஆமா. வெண்டர் சரி பண்ணிட்டான்."

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதுக்கப்பறம் கேக்க மாட்டேன். பின்னாடி பொட்டு இருந்துச்சா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"இல்லை" என்றேன்.

லைனில் ஏதோ கோளாறு. நான் சொன்ன 'இல்லை' ஒரு நொடி கழித்து எனக்கே திரும்பிக் கேட்டது. என் குரல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மேற்கொண்டு சொல்ல வந்தது குழறிவிட்டது. அலோ, அலோ என்றேன். அலோ, அலோ என்று அதுவும் எனக்கே வந்தது.

"சரிங்க சார். அப்ப அது வேற லாட்தான்" என்று சொல்லி ரஞ்சனி வைத்துவிட்டாள்.

தெய்வானை வெளியே வந்து போனை வாங்கிக்கொண்டாள். காபி ஆறிப் போயிருந்தது. சூடு பண்ணித் தரச் சொன்னேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

சரக்கு போய்விட்டது. கஸ்டமருக்குத் திருப்தி. ரஞ்சனி விஷயம் சரிப்பட்டு வராது என்று சம்பத்திடம் சொல்லிவிட்டேன். அவள் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். பெயர் இன்னும் மனதில் பதியவில்லை.

பழைய கார்டைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். புதுக் கார்டைச் சுருட்டி மைசூர்பா டப்பாவில் வைத்துப் பூட்டினேன். புதுப் பெண் பக்கத்தில் வந்து, "அது என்னங்க சார்?" என்று கேட்டாள்.

உற்சவர் என்றேன். யாரும் தொடக் கூடாது என்றும் சொன்னேன்.